டெட்லைன்: இந்தச் சொல்லைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு தமிழ் நாளிதழில் துணையாசிரியராக இருந்தேன். இப்போது வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு மாலை நேரத்தில் மொழிபெயர்ப்பு வகுப்பு எடுக்கிறேன். எந்தப் பாடத்தைத் தொடங்கினாலும் யாராவது ஒருவர் 'டெட்லைன்' பற்றிக் கேட்டுவிடுகிறார். தினமும் பத்து முறை வாயில் வரும் சொல்லுக்குள் சாவு ஏன் இருக்கிறது என்ற உறுத்தல் பலருக்கும் உண்டு. கேட்ட கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்னபடியே தொகுத்து, பதில்களை எழுதியிருக்கிறேன்.

டெட்லைன் என்றால் கடைசித் தேதிதானே? அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது?

ஒரு வேலையை முடித்துக் கொடுத்தே ஆகவேண்டிய கடைசி நேரம், அதுதான் பொருள். அது தேதியாகவும் இருக்கலாம், மணியாகவும் இருக்கலாம். கல்லூரி விண்ணப்பத்துக்குத் தேதி போதும். நாளிதழின் முதல் பக்கத்துக்கு நிமிடக் கணக்கு.

ஆனால் 'கடைசித் தேதி' என்பதைவிட இந்தச் சொல்லில் அழுத்தம் கூடுதல். தேதி ஒரு நாளைக் குறிக்கிறது. டெட்லைன், தாண்டக் கூடாத ஒரு கோட்டைக் குறிக்கிறது. அந்தக் கோடு முதலில் காலத்தின் மீது போடப்படவில்லை, தரையில் போடப்பட்டது.

'டெட்' என்று ஏன் வந்தது? யாராவது செத்தார்களா?

ஆம், மனிதர்கள் செத்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை நடந்தது. பிரிந்து சென்ற தென் மாநிலங்கள் பிடித்த வடக்குப் படைவீரர்களை அடைக்க ஜார்ஜியா மாநிலத்தில் ஆண்டர்சன்வில் என்ற சிற்றூருக்கு அருகில் ஒரு சிறை முகாம் கட்டினார்கள். அதன் அரசுப் பெயர் கேம்ப் சம்டர். 1864 பிப்ரவரி இறுதியில் முதல் கைதிகள் வந்து சேர்ந்தார்கள். முகாமைச் சுற்றி உயரமான மர மதில் இருந்தது. மதிலுக்கு உட்புறம் சில அடி தள்ளி ஒரு கோடு இருந்தது. அதைத் தாண்டுகிற கைதியைக் கேள்வி கேட்காமல் சுடலாம் என்பது உத்தரவு. அந்தக் கோட்டின் பெயர்தான் 'டெட் லைன்'. அப்போது அதை இரண்டு சொல்லாக எழுதினார்கள்.

தமிழில் சொல்வதானால் 'சாவுக் கோடு'. 'செத்த கோடு' என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள், அது தவறு. கோடு சாகவில்லை, அதைத் தாண்டியவன் செத்தான்.

அந்தக் கோடு எப்படி இருந்தது? சுண்ணாம்பில் போட்டார்களா, வேலியா?

வேலி என்று சொல்லுமளவுக்குக்கூட இல்லை. தரையில் குட்டையான முளைகளை அடித்து, அவற்றின் தலையில் மெல்லிய மரச் சட்டங்களை ஆணி வைத்துப் பொருத்தியிருந்தார்கள். மதிலிலிருந்து ஏறக்குறைய 19 அடி உள்ளே. மதில் நெடுகச் சிறு காவல் பரண்கள் இருந்தன. கைதிகள் அவற்றைப் 'புறாக் கூடு' என்றார்கள். பரணில் நின்ற காவலருக்குக் கீழே அந்த 19 அடிப் பட்டை முழுவதும் தெளிவாகத் தெரியும்.

மரச் சட்டம் எல்லா இடத்திலும் இருந்திருந்தால்கூட ஓரளவு ஆறுதல். போருக்குப் பின் சிறைப் பொறுப்பாளர் மீது நடந்த வழக்கின் குற்றப்பத்திரிகை, பல இடங்களில் அது வெறும் கற்பனைக் கோடு என்றும், மற்ற இடங்களில் உறுதியில்லாத முளைகள் மேல் நகர்ந்துகொண்டிருந்த பலகைத் துண்டுகள் என்றும் சொல்கிறது. விறகுக்கு வழியில்லாத முகாம். அங்கே ஒரு சட்டம் கழன்று விழுந்தால் அது இருந்த இடத்திலேயே கிடக்குமா? சட்டம் போன இடத்தில் கோடு எங்கே ஓடுகிறது என்பதைக் கைதி நினைவில்தான் வைத்திருக்க வேண்டும். எனக்கு இந்த ஒரு வரியைப் படித்தபோதுதான் அந்த முகாம் கண்முன் வந்தது.

சுடுவார்கள் என்று தெரிந்தும் ஏன் தாண்டினார்கள்?

தண்ணீருக்காக. முகாமின் நடுவே ஒரு சிற்றோடை மேற்கிலிருந்து கிழக்காக ஓடியது. குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாமே அதில்தான். கழிப்பிடமும் அதன் கீழ்ப்பகுதியில். ஓடை மதிலுக்குள் நுழைகிற இடத்தில்தான் தண்ணீர் சற்றேனும் தெளிவாக இருக்கும். அந்த இடம் கோட்டுக்கு அப்பால். சட்டத்துக்கு அடியில் கையை நீட்டிக் குவளையில் மொண்டவர்கள் சுடப்பட்டார்கள்.

இடமும் இல்லை. பத்தாயிரம் பேருக்கென்று திட்டமிட்ட முகாம் அது. 1864 ஜூனில் இருபத்தாறரை ஏக்கராக விரிவாக்கினார்கள். ஆகஸ்டில் அங்கே சுமார் 33,000 பேர் இருந்தார்கள். நெரிசலில் தடுக்கி விழுந்தாலே கோட்டைத் தாண்டிவிடலாம். அன்று வந்து சேர்ந்தவனுக்கு அப்படி ஒரு கோடு இருப்பதே தெரியாது. அந்த ஆகஸ்டில் கொட்டிய பெருமழைக்குப் பின் ஒரு நல்ல ஊற்று வெடித்துக் கிளம்பியது. அதுவும் கோட்டுக்கு அப்பால்தான். கம்பு நுனியில் குவளையைக் கட்டி நீட்டி மொண்டதாகக் கைதிகள் பிற்காலத்தில் எழுதிவைத்தார்கள். அந்த ஊற்றுக்கு 'இறையருள் ஊற்று' என்ற பொருளில் அவர்களே பெயர் வைத்தார்கள்.

அப்படியானால் ஆயிரக்கணக்கானவர்கள் கோட்டில் சுடப்பட்டுத்தான் இறந்தார்களா?

இல்லை. இதை நான் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டியிருக்கிறது. பதினான்கு மாதங்களில் சுமார் 45,000 பேர் அந்த முகாமுக்குள் வந்தார்கள், ஏறக்குறைய 13,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றவை வயிற்றுப்போக்கு, சீதபேதி, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி. கோட்டில் சுடப்பட்டவர்கள் அவர்களில் மிகச் சிறு பகுதி. ஆனால் தெளிந்த நீர் கோட்டுக்கு அப்பால் இருந்ததால், சுடாமலே அந்தக் கோடு எத்தனை பேரை நோய்க்குக் கொடுத்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு கைதியைச் சுட்டால் காவலருக்கு முப்பது நாள் விடுப்பு கிடைக்கும் என்று படித்தேன். உண்மையா?

கைதிகள் அப்படி நம்பினார்கள், நினைவுக் குறிப்புகளிலும் எழுதினார்கள். அப்படி ஓர் உத்தரவு இருந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. உங்கள் கட்டுரையில் எழுதுவதானால் 'கைதிகளிடையே உலவிய பேச்சு' என்று எழுதுங்கள்.

இது தென் மாநிலங்களின் கொடுமை மட்டும்தானா?

வடக்குத் தரப்பின் சிறைகளிலும் இதே கோடு இருந்தது. சிகாகோவில் இருந்த கேம்ப் டக்ளஸ் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அங்கே அடைபட்டிருந்தவர்கள் தென்னவர்கள். ஆண்டர்சன்வில்லின் பெயர் மட்டும் நிலைத்ததற்குக் காரணம் அங்கே குவிந்த சாவும், அதன் பிறகு நடந்த வழக்கும்.

அந்தச் சிறை அதிகாரியைத் தூக்கில் போட்டார்கள் என்கிறார்களே, இந்தக் கோட்டுக்காகவா?

கோட்டுக்காக மட்டும் அல்ல. ஆனால் கோடும் குற்றப்பத்திரிகையில் ஒரு பகுதி. உட்சிறையின் பொறுப்பாளர் ஹென்றி விர்ஸ், சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். 1865 ஆகஸ்டில் வாஷிங்டனில் இராணுவ ஆணையத்தின் முன் வழக்கு தொடங்கியது. அந்த ஆண்டு நவம்பர் 10 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். மேலிடம் உணவும் மருந்தும் அனுப்பாதபோது ஒரு கேப்டன் என்ன செய்திருக்க முடியும் என்ற கேள்வி அன்றே எழுந்தது, இன்றும் தீரவில்லை. அந்த டெட் லைனை அவர் அங்கே நிறுவினார் என்பது குற்றச்சாட்டு. அதே முறை மற்ற சிறைகளிலும் இருந்தது என்பதை மேலே பார்த்தோம்.

சொல்லின் கதைக்கு இந்த வழக்கு முக்கியம். சாட்சிகள் நாள்தோறும் 'டெட் லைன்' என்று சொன்னார்கள், பத்திரிகைகள் அதை நாள்தோறும் அச்சிட்டன. ஒரு முகாமின் பேச்சுவழக்கு நாடு முழுவதும் பரவியது அப்படித்தான்.

சரி, தரையில் இருந்த கோடு கடிகாரத்துக்கு எப்படி வந்தது?

நேராக வரவில்லை. போருக்குப் பின் 'தாண்டினால் ஆபத்து' என்கிற எந்த எல்லைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1880இல் நியூயார்க் காவல்துறைத் துப்பறியும் பிரிவின் தலைவர் தாமஸ் பர்ன்ஸ், வால் தெரு வங்கிகளைக் காக்க ஃபுல்டன் தெருவை எல்லையாக அறிவித்தார். அதற்குத் தெற்கே கண்ணில் படும் பழைய திருடர்கள் அனைவரும் கைது. அதையும் 'டெட் லைன்' என்றுதான் ஊர் அழைத்தது. இங்கே சாவு இல்லை, ஆனால் தாண்டக் கூடாத கோடு இருக்கிறது.

அடுத்து அச்சகம். அச்சு எந்திரத்தின் படுகையில் ஒரு கோடு இருக்கும். அதற்கு வெளியே வைத்த எழுத்து அச்சில் விழாது. அதுவும் 'டெட் லைன்'. அதன் பிறகு, 1910களிலும் 1920களிலும் அமெரிக்கச் செய்தி அறைகளில் 'இந்த நேரத்துக்கு மேல் வந்த செய்தி இதழில் ஏறாது' என்ற பொருளில் இது வழங்கத் தொடங்கியது. அங்கிருந்துதான் மற்ற அலுவலகங்களுக்குப் பரவியது. மின்னஞ்சலில் உங்கள் மேலாளர் எழுதுகிற டெட்லைன் செய்தி அறையின் டெட்லைன்தான்.

அச்சகக் கோடுதான் உண்மையான மூலம், சிறைக் கதை பிறகு கட்டியது என்று எங்கள் மேலாளர் அடித்துச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

சிறைக் கதை கட்டுக்கதை அல்ல. 1864 மே மாதத்திலும் ஆகஸ்டிலும் ஆண்டர்சன்வில்லைப் பார்வையிட்ட தென் தரப்பு அதிகாரிகளே தங்கள் அறிக்கைகளில் அந்தச் சொல்லை எழுதியிருக்கிறார்கள். மதிலுக்கு இருபது அடி உள்ளே ஒரு கோடு, தாண்டினால் சுடப்படுவர் என்பது அந்த அறிக்கைகளின் சாரம். எதிரி இட்டுக்கட்டியது என்று சொல்ல வழியே இல்லை.

உங்கள் மேலாளர் சொல்வதில் ஓர் உண்மைத் துணுக்கு உண்டு. செய்தி அறைக்காரர்கள் சொல்லைச் சிறைக் கோட்டிலிருந்து எடுத்தார்களா, பக்கத்து அறையில் இருந்த அச்சு எந்திரத்திலிருந்து எடுத்தார்களா என்பதில் அகராதி அறிஞர்கள் ஒரே முடிவுக்கு வரவில்லை. என் எண்ணம் இது: அச்சுக்கோப்பவரும் நிருபரும் ஒரே கட்டடத்தில் இருந்தவர்கள், சிறைக் கோட்டின் கதையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை. இரண்டும் அவர்கள் காதில் சேர்ந்தே ஒலித்திருக்கும்.

பத்திரிகைக்கு ஏன் அத்தனை அவசரம்? ஐந்து நிமிடம் தாமதித்தால் என்ன?

ஐந்து நிமிடம் தாமதித்தால் ஒரு மாவட்டமே நாளிதழ் இல்லாமல் போகும். நான் வேலை பார்த்த இடத்தில் தொலைவான ஊர்களுக்குப் போகும் முதல் பதிப்பை 'டாக் பதிப்பு' என்போம். பக்கம் முடிய வேண்டும், தகடு எடுக்க வேண்டும், எந்திரம் ஓட வேண்டும், கட்டுகள் வண்டியில் ஏற வேண்டும், வண்டி பேருந்து நிலையத்தில் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பஸ் காத்திருக்காது. அந்தப் பஸ் புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கழித்துக்கொண்டே வந்தால் என் மேசைக்கு ஒரு நேரம் கிடைக்கும். அதுதான் என் டெட்லைன்.

ஓர் இரவு ஒரு விபத்துச் செய்தியில் இறந்தவரின் ஊர்ப்பெயரை உறுதிசெய்யக் காத்திருந்து பக்கத்தைப் பன்னிரண்டு நிமிடம் தாமதமாக விட்டேன். மறுநாள் மலையடிவார ஊர் ஒன்றுக்கு நாளிதழ் பகல் பதினொரு மணிக்குத்தான் போனது. அந்த ஊர் முகவர் தொலைபேசியில் சத்தம் போடவில்லை. "டீக்கடையில் எல்லோரும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள் அண்ணா" என்று மட்டும் சொன்னார். ஊர்ப்பெயர் சரியாக வந்திருந்தது. இருந்தாலும் அந்தக் குரல் இன்றும் காதில் இருக்கிறது.

தமிழில் 'கெடு' என்கிறோமே, அதுவும் கெட்டுப்போவதுதானா? 'டெட்' போலவே நாமும் சாவை வைத்திருக்கிறோமா?

நல்ல கேள்வி, ஆனால் ஒலி ஒற்றுமை ஏமாற்றுகிறது. 'கெடு' என்ற வினைக்கு அழி, பழுதாகு என்று பொருள். காலத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல்லான 'கெடு' அதிலிருந்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தெலுங்கு, கன்னட நாளிதழ்களில் இன்றும் 'கடுவு' என்ற சொல் இதே பொருளில் வருகிறது. நம் 'கெடு' அந்தக் குடும்பத்தோடுதான் பொருந்துகிறது. கடன் வாங்கினவர் 'தைக்குள் தருகிறேன்' என்று கெடு சொல்வார், ஊர்ப் பஞ்சாயத்து கெடு வைக்கும். கால எல்லை என்பதே பொருள், சாவு இல்லை.

நம்மிடம் வேறு சொற்களும் உண்டு. பகுதி பகுதியாகக் கட்டுவது 'தவணை'. நீதிமன்றத்தில் 'வாய்தா'. இது அரபு மூலச் சொல், உருது வழியே வந்தது, முதற்பொருள் வாக்குறுதி. ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு எங்கும் 'காலக்கெடு' என்று போடாமல் இடம் பார்த்துப் போடுங்கள்.

'மீட் தி டெட்லைன்' என்பதைக் 'காலக்கெடுவைச் சந்தித்தார்' என்று எழுதலாமா?

வேண்டாம். கெடுவை யாரும் சந்திப்பதில்லை. 'கெடுவுக்குள் முடித்தார்' போதும். கெடு விதிப்பார்கள், வைப்பார்கள், நீட்டிப்பார்கள். கெடு முடியும், தாண்டும். இந்த வினைகள் நம்மிடம் தயாராக இருக்கின்றன.

இன்னொன்று: 'கோடு' என்பது 'கோட்டை' ஆகும், ஆனால் 'கெடு' என்பது 'கெட்டை' ஆகாது. கெடுவை, கெடுவுக்கு, கெடுவுக்குள் என்றே எழுத வேண்டும்.

டேட்லைன், டெட்லைன் இரண்டும் ஒன்றா?

இல்லை. செய்தியின் தலையில் 'மதுரை, மார்ச் 4' என்று ஊரும் நாளும் வருகிறதே, அது டேட்லைன்.

'வெள்ளிக்கிழமைக்குள்' என்றால் வெள்ளி சேருமா, சேராதா?

அலுவலகச் சண்டைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. ஆங்கிலத்தில் 'பை ஃப்ரைடே' என்றால் பொதுவாக வெள்ளியும் சேரும். 'பிஃபோர் ஃப்ரைடே' என்றால் வியாழனோடு சரி. தமிழில் 'வெள்ளிக்குள்' என்பதைச் சிலர் வெள்ளி இரவு வரை என்றும், சிலர் வெள்ளி பிறப்பதற்குள் என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். 'வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள்' என்று மணியையும் எழுதிவிட்டால் தகராறு இல்லை. வெளிநாட்டு அலுவலகம் என்றால் எந்த ஊர் நேரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சட்டம் விதித்த கெடு என்றால் கணக்கு வேறு. இந்தியாவின் 1897ஆம் ஆண்டு ஜெனரல் கிளாஸஸ் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, கடைசி நாளில் நீதிமன்றமோ அலுவலகமோ மூடியிருந்தால், அது திறக்கும் அடுத்த நாளில் செய்தாலும் உரிய காலத்தில் செய்ததாகவே கொள்ளப்படும். உங்கள் நிறுவனத்தின் உள்வேலைக்கு இது பொருந்தாது.

'டிராப் டெட் டேட்' என்று வாடிக்கையாளர் எழுதியிருக்கிறார். திட்டுகிறாரா?

திட்டவில்லை. இதற்கு மேல் ஒரு நாளும் நீட்டிக்க முடியாது என்கிற அறுதி நாள் அது. முதலில் சொன்ன டெட்லைன் தளர்ந்து தளர்ந்து, அதற்குப் பின்னால் உண்மையான இன்னொரு கோடு தேவைப்பட்டபோது எழுந்த வழக்கு. 'அறுதிக் கெடு' என்று மொழிபெயர்க்கலாம்.

இத்தனை பேர் செத்த சொல்லை ஒரு எக்செல் தாளுக்குப் பயன்படுத்துவது சரியா? மனம் ஒப்பவில்லை.

உங்கள் மனம் ஒப்பாததை நான் மதிக்கிறேன். வகுப்பில் ஒரு பெண் இந்தக் கதையைக் கேட்டபின் 'இனி கெடு என்றே எழுதுகிறேன் சார்' என்றார். நானும் தமிழில் எழுதும்போது அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது டெட்லைன் என்று எழுதுவதில் தவறில்லை. நூறாண்டுக்கு மேலாக அது நேரத்தின் பெயராக வாழ்ந்துவிட்டது. எழுதுகிறவர் மனத்தில் துப்பாக்கி இல்லை.

நான் ஒப்பாதது வேறொன்று. சில அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் 'டெட்லைனைத் தாண்டினால் செத்தாய்' என்று சொல்லி இந்தக் கதையை மிரட்டலுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். ஓடையில் குவளையை நீட்டியவனின் கதை அது. மிரட்டுவதற்கு அதை எடுக்காதீர்கள்.

அங்கே இறந்தவர்களின் பெயராவது இருக்கிறதா?

இருக்கிறது, ஓர் இளைஞனின் துணிவால். டோரன்ஸ் அட்வாட்டர் என்ற கைதியிடம் இறந்தவர்களின் பட்டியலை எழுதும் வேலை தரப்பட்டது. அவர் யாருக்கும் தெரியாமல் இன்னொரு படி எடுத்து வைத்துக்கொண்டார். 1865 கோடையில் கிளாரா பார்ட்டனும் அவரும் அங்கே போய், அந்தப் பட்டியலை வைத்துக் கல்லறைகளை அடையாளம் காட்டினார்கள். பெயர் தெரியாமல் போன கல்லறைகள் சுமார் 460 மட்டுமே. பார்ட்டன் பிற்காலத்தில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவியவர்.

அந்தக் கோடு இருந்த இடத்தை இன்று பார்க்க முடியுமா?

முடியும். அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை அதைத் தேசிய வரலாற்றுத் தலமாகப் பராமரிக்கிறது. மதிலின் சில பகுதிகளை மட்டும் மறுபடி கட்டியிருக்கிறார்கள். மற்ற இடமெல்லாம் புல்வெளி. அதில் வெள்ளைக் குச்சிகள் இரண்டு வரிசையாக நடப்பட்டிருக்கின்றன. வெளிவரிசை மதில் நின்ற இடம், உள்வரிசை டெட்லைன். இடையில் அந்தச் சில அடிப் புல்தரை. ஓடை இன்னும் ஓடுகிறது.